இறந்தவரால் இழப்பு இல்லை என்று எழுதியவர்களுக்கு

இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கும், எதிருரையைத் தயாரித்த வழக்கறிஞர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஆகவே வழக்கு எண்ணையும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எந்த வழக்கு என்று உங்களுக்குத் தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலை, சரக்கு வேன், சாலையைக் கடந்தபோது அடிபட்டு இறந்த என் மாமியார், வயது 62. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஓட்டுநர் மீதான குற்றப்பத்திரிகை எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. எங்கள் இழப்பீட்டு மனுவுக்குப் பதிலாக நீங்கள் கொடுத்த எதிருரையின் ஏழாவது பத்தி மட்டுமே என் பிரச்சினை.

"இறந்தவர் வேலை எதுவும் செய்யாத, வருமானமற்ற முதியவர். அவரது மரணத்தால் மனுதாரர்களுக்கு எவ்வித இழப்பும் ஏற்படவில்லை."

முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீங்கள் வாதாடலாம். அது உங்கள் தொழில். இரண்டாவது வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

நான் மனுதாரர்கூட அல்ல. மாமனார், என் கணவர், நாத்தனார் ஆகிய மூவரும்தான் மனுதாரர்கள். நான் மருமகள், இந்த வழக்கில் ஒரு சாட்சி. தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் என்னைக் குறுக்கு விசாரணை செய்தபோது, "உங்கள் மாமியார் வீட்டில் சும்மாதான் இருந்தார் என்றால் சரிதானே?" என்று உங்கள் தரப்பில் கேட்டார்கள். "சரியல்ல" என்றேன். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அத்தையின் பகல்களுக்கும் இரவுகளுக்கும் சாட்சியப் பதிவில் கிடைத்த இடம் அந்த ஒரு சொல்தான். மீதியை அங்கே யாரும் கேட்கவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

மாமனாருக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் அசையாது, பேச்சும் போய்விட்டது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் படிப்பில் பாலபாடம். தவறினால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில், முக்கியமாக இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும், ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் சிவக்கும். பிறகு தோல் உடையும். கவனிக்காவிட்டால் சதை அழுகிக் குழி விழும். காற்று மெத்தையும் மூன்று ஷிப்டுக்கும் ஆட்களும் இருக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலேயே படுக்கைப்புண் வந்துவிடுவதுண்டு.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத அத்தைக்கு நான் ஒருமுறை செய்துகாட்டினேன். அதன்பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழைய நூல் புடவைகளை மடித்து இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைப்பார். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுப்பார். விரிப்பில் ஒரு சுருக்கம் தென்பட்டால் அவருக்குப் பொறுக்காது. இரவில் அலாரம் வைத்துக்கொள்ள மாட்டார், மாமனாரின் தூக்கம் கலையுமாம். கடைசி ரயில் போகும் சத்தம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், பால் வண்டி, பள்ளிவாசல் பாங்கு. இவற்றைக் கொண்டே அவர் நேரம் பார்த்து எழுந்தார். நான்கு ஆண்டுகளில் மாமனார் உடம்பில் ஒரு புண் கிடையாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு வார்டு இருந்தால் அதற்கு விழா எடுத்திருப்பார்கள்.

அத்தை போன பிறகு ஓர் ஏஜென்சி மூலம் பகலுக்கு ஆள் வைத்தோம். மாதம் 18,000 ரூபாய். சமையலுக்கு இன்னோர் ஆள். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஆட்டோ. இரவில் நானும் கணவரும் முறைவைத்து எழுந்தோம். இத்தனை பேர் சேர்ந்து செய்தும் இரண்டு மாதம் முடிவதற்குள் இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. அதற்கு இன்றைக்கும் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மருந்துக்கும் பஞ்சுக்கும் ஆன ரசீதுகளை நீதிமன்றத்தில் கொடுத்தபோது உங்கள் தரப்பு ஆட்சேபித்தது. விபத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லையாம்.

இரவுப் பணியின் கதையும் அப்படித்தான். அத்தை இருந்தவரை இரவு ஷிப்டுக்குப் போய்வந்தேன். அதற்கென்று தனிப் படி உண்டு. இப்போது புறநோயாளிகள் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு, படியை இழந்து நிற்கிறேன். அது என் சொந்த முடிவு என்று சொல்லிவிட்டீர்கள். என் பழைய சம்பளச் சீட்டில் என் பெயர் மட்டும்தான் அச்சாகியிருக்கும். அதில் அத்தை சம்பாதித்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த இரவுகளில் சளி உறிஞ்சி, சொட்டு மருந்தின் வேகம் பார்த்து, விடியும்வரை நான் கவனித்துக்கொண்ட நோயாளிகள் பலர் பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் தண்டையார்பேட்டையில் இப்படி ஒரு பெண் இருந்தது தெரியாது. தாங்கள் யாருடைய உழைப்பில் பிழைத்தோம் என்பது பிழைத்தவர்களுக்கே தெரியாத நிலையில், ஓர் அலுவலக மேசையிலிருந்து "எவ்வித இழப்பும் இல்லை" என்று எழுதும் துணிச்சல் உங்களுக்கு எப்படி வந்தது?

அத்தை இறந்ததால் உலகம் நின்றுபோனது என்று நான் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அன்றைக்கும் மூடித்தான் கிடந்தது. வண்டிகள் அன்றைக்கும் காத்துக்கிடந்தன. இத்தனை பெரிய ஊரில் ஒரு பெண் இல்லாமல் போவது மேலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுமில்லைதான். அதே உயரத்திலிருந்து பார்த்தால் உங்கள் நிறுவனமும் ஒன்றுமில்லைதான்.

கீழே வந்து பார்க்க விருப்பம் இருந்தால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில் வாருங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு ஊரே குடத்தோடு அலைந்தபோது எங்கள் தெருவிலும் அடிதடி நடந்தது. அத்தை ஒரு டப்பா பெயின்ட் வாங்கிவந்து குடங்களில் கதவிலக்கம் எழுதினார். படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் முதலில், மற்றவர்களுக்கு நாளுக்கு ஒரு முனையிலிருந்து. லாரி வரும் நாட்களில் இன்றும் அந்த வரிசைதான். பயப்படாதீர்கள், இதற்கு இழப்பீடு கேட்கவில்லை.

சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வழக்கறிஞரிடம் கேட்டு நான் தெரிந்துகொண்டவை எல்லாம் நீங்கள் அன்றாடம் புழங்குபவைதான். 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணையில் 61 முதல் 65 வயது வரை பெருக்கெண், அதாவது ஆண்டு இழப்பைப் பெருக்கி இழப்பீடு கணக்கிடும் எண், 7. அந்த அட்டவணையில் பூஜ்யத்துக்கு ஒரு கட்டமே கிடையாது. 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கிலே, 62 முதல் 72 வயதுப் பெண்கள் வீட்டில் செய்த பணிக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்று 2001-லேயே அதே நீதிமன்றம் மதிப்புப் போட்டது. தொகை போதுமா என்பது வேறு விஷயம். மதிப்பு உண்டா என்பதில் அப்போதே ஐயம் இருக்கவில்லை. 2021 ஜனவரியில் இன்னொரு விபத்து வழக்கில், வீட்டு வேலையே தங்கள் முதன்மைப் பணி என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 16 கோடி, ஆண்கள் சுமார் 58 லட்சம் என்று எடுத்துக்காட்டி, அந்த உழைப்பைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும் என்றது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியதும் ஊதியமில்லாத இந்த உழைப்பைக் காரணம் காட்டித்தான். நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது, அரசுக்குத் தெரிந்திருக்கிறது, உங்கள் ஏழாவது பத்திக்கு மட்டும் தெரியவில்லை.

வேனின் நசுங்கிய முன்பக்கத்தைப் பார்க்க சர்வேயர் வருவார், நான்கு புறமும் படம் எடுப்பார், பாகம் பாகமாக விலை போடுவார். தேய்மானக் கணக்கில்கூட ஐந்து வயதான வண்டிக்குப் பாதி விலையை மிச்சம் வைக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. கட்டிலைப் பார்க்கவில்லை, மடித்த புடவைகளைப் பார்க்கவில்லை, பார்க்காமலே முழுத் தேய்மானம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் தொழிலில் உள்ளவர்கள் கொடுக்கும் விளம்பரங்களில் மட்டும் எப்போதும் ஒரு பாட்டி பேரக்குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். குடும்பமே அவரைச் சுற்றி நின்று சிரிக்கும். அந்தப் பாட்டிக்கு நடித்ததற்குப் பணம் கொடுத்திருப்பீர்கள். இந்த நாட்டில் வருமானமுள்ள பாட்டி அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

சரி, கோபத்தை நிறுத்திக்கொள்கிறேன். கேட்க வந்ததை மரியாதையாகவே கேட்கிறேன்.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்தபோது உங்கள் தரப்பு இளம் வழக்கறிஞர் ஒருவர் தாழ்வாரத்தில் என்னிடம் வந்து, "மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, எல்லா எதிருரையிலும் இது வழக்கமாக வரும் வாசகம்தான்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், அவர் மேல் வருத்தமில்லை. ஆனால் அத்தையைப் பற்றி யாரோ யோசித்து, அவருடைய வாழ்க்கையை எடைபோட்டு, தவறாக எழுதிவிட்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாரும் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கணினியில் தயாராக இருக்கும் வாசகம், பெயரையும் வயதையும் மாற்றினால் போதும். அப்படியானால் இதுவரை எத்தனை வீடுகளுக்கு இதே ஏழாவது பத்தி போயிருக்கும்? வழக்கை எதிர்க்க உங்களுக்கு இந்த வாசகம் தேவையே இல்லை. தொகை அதிகம் என்று சொல்லுங்கள், ஆதாரம் போதாது என்று சொல்லுங்கள், அத்தை சாலையைக் கவனமில்லாமல் கடந்தார் என்றுகூட வாதாடுங்கள், பதில் சொல்கிறோம். ஒரு மனிதர் இருந்ததற்கும் இல்லாததற்கும் வேறுபாடு இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

எதிருரையின் நகல் இன்னும் மாமனார் கைக்குப் போகவில்லை. அவர்தான் முதல் மனுதாரர். பேச்சு வராதே தவிர, சொன்னால் எல்லாம் புரியும். வழக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று இடது கையால் சைகை செய்து கேட்கிறார். மற்ற காகிதங்களை எல்லாம் படித்துக் காட்டிவிட்டோம். இதை மட்டும் "இன்னும் வரவில்லை" என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

எதிருரையைத் திருத்த அனுமதி கேட்டு ஒரு சிறு மனு போட்டால் போதும் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார். எங்கள் தரப்பில் ஆட்சேபணை இருக்காது என்பதையும் தெரிவிக்கச் சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு முன் அந்த வாக்கியத்தை நீக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கணினியில் இருக்கும் மாதிரிப் படிவத்திலிருந்தும் நீக்கினால் நல்லது. தொகையைப் பற்றி நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இறந்தவரின் மருமகள்,
தண்டையார்பேட்டை, சென்னை