ஞாயிறு முதல் இரவு நேர டிஸ்கார்டு அறை

வணக்கம்ங்க. வரும் ஞாயிறு முதல் நம் பிள்ளைகள் வந்து பேச நாம் நடத்தும் டிஸ்கார்டு அறை (ஆன்லைன் அரட்டை அறை) இரவு 8 முதல் 9.30 வரை திறந்திருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு அதுதான் தோதான நேரம். நம்மில் இரண்டு பேராவது உள்ளே இருக்க வேண்டும். ஒருவர்தான் என்றால் அன்றைக்குத் திறக்க வேண்டாம்.

போன மாதம் ஒரு பிள்ளை, ஃப்ரீ ஃபயர் கேம் பற்றிய பேச்சுக்கு நடுவே எதையோ எழுதி அழித்துக்கொண்டே இருந்தாள். மூன்று முறை. கேட்டால் "சும்மாதானுங்க அக்கா". நான் தோண்டவில்லை, "சாப்டியா கண்ணு?" என்றேன். இருபது நிமிடம் அவரைக்காய்ப் பொரியல் பற்றித்தான் பேச்சு. அப்புறம்தான் வந்தது: யாரோ போட்டோவை வைத்து மிரட்டுகிறான். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அந்த இருபது நிமிடத்தை யாரும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படி வந்தால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தெரிவித்தே ஆக வேண்டும். மிரட்டல் மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். படத்தை மட்டும் நமக்கு அனுப்பச் சொல்லவே கூடாது. குழந்தைகள் உதவிக்கு 1098, பணம் பறிபோயிருந்தால் 1930, மனசு உடைந்திருந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416.

தனி இன்பாக்ஸில் பேச்சு வேண்டாம், சரிங்களா?

ஞாயிறு யார் வருகிறீர்கள்? கோபி, பெருந்துறை ஆட்கள் முதலில் சொல்லுங்கள்.