சாரின் ரெமிங்டன் மறுபடி ஓடுகிறது

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் எங்கள் வீட்டில் சாரின் ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்தின் அந்த மணிச் சத்தம் மறுபடி கேட்டது. வரி முடியப் போகும்போது அடிக்குமே, அந்த 'டிங்'. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றார். அதைச் சரிசெய்ய உதவிய உங்களுக்கு போனில் நன்றி சொன்னது போதவில்லை. அதனால் இந்த மடல்.

என் ஒன்பதாவது வயதில் அம்மாவை மறுமணம் செய்துகொண்டவர் அவர். கும்பகோணத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்தினார். ஊரே 'சார்' என்றது. நானும் கடைசிவரை சார் என்றே கூப்பிட்டேன். அப்பா என்று கூப்பிடு என அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் விண்ணப்பங்கள் எல்லாம் அவர் அடித்துக் கொடுத்தவை. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என்னைப் பெற்றவரின் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் அடிப்பார். என் இனிஷியலை மாற்றும் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அவர் விட்டுப் போனது இந்தத் தமிழ் ரெமிங்டன். புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடமான 'யளனகப' ஆரம்பிக்கும் முன், யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு விசைப்பலகை அமைத்த கதையைச் சொல்வார். அப்புறம் புள்ளிப் பாடம். கையால் எழுதினால் எழுத்துக்குப் பிறகு புள்ளி. இதில் புள்ளி முதலில். அந்த விசையைத் தட்டினால், தாளைத் தாங்கி நகரும் கேரியேஜ் நகராது. அதே இடத்தில் எழுத்து வந்து உட்காரும். "புள்ளி காத்திருக்கும், நீ பதறாதே" என்பார். சீனியர் தட்டச்சுத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 45 சொல் வராமல் நான் அழுத நாளிலும் இதையேதான் சொன்னார்.

அவர் போய் இரண்டு வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கினால், கேரியேஜை இழுக்கும் நாடா அறுந்திருந்தது. தாள் சுற்றும் ரப்பர் ரோலர் கல்லாக இறுகியிருந்தது. ஒரு கடையில் எடைக்குக் கேட்டார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மெக்கானிக்கைத் தேடிப் பிடித்த அக்காவுக்கு நன்றி. அக்கா, "சாரிடம் படித்துத்தான் அரசு வேலைக்குப் போனேன்" என்று நீங்கள் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவ்வளவு கனத்தைத் திருச்சி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டு அண்ணனுக்கு நன்றி. கேட்காமலே மதுரையிலிருந்து நான்கு ரிப்பன் அனுப்பிய நண்பனுக்கும்.

மெக்கானிக் ஐயா, உங்களுக்கு என்ன சொல்வது? உதிரி பாகம் கிடைக்காத காலத்தில் வேறொரு பழைய இயந்திரத்து ரோலரைக் கழற்றி மாட்டினீர்கள். கூலியாக நான் நீட்டியதில் பாதியைத் திருப்பித் தந்தீர்கள். கிளம்பும்போது பழைய ரோலரைத் தினத்தாளில் சுற்றி என் கையில் வைத்து, "உங்க அப்பா அடிச்சதெல்லாம் இதுலதான் இருக்கு, தூக்கிப் போட்டுடாதீங்க" என்றீர்கள்.

ஆமாம் ஐயா, எங்க அப்பா.

வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தேன். ரப்பர் முழுக்கப் பொடிப்பொடிக் குழிகள். இடது பக்கம் அதிகம். எல்லா வரியும் அங்கேதானே ஆரம்பிக்கிறது. இப்போது அது அவர் படத்துக்குக் கீழே இருக்கிறது.

இந்த மடலை முதலில் ரெமிங்டனில்தான் அடித்தேன். விரல் கம்ப்யூட்டருக்குப் பழகிவிட்டதால் பல இடங்களில் புள்ளியை மறந்து, மறுபடி புதுத் தாள் மாட்டினேன். கார்பன் வைத்து எடுத்த பிரதி உங்கள் ஒவ்வொருவருக்கும் தபாலில் வரும். சில இடங்களில் மை மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சாரின் மகள்