அரிசி மட்டும் போட்டா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மொட்டை மாடில கிளிக்கு அரிசி வைக்கறவங்களப் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் அருமை, என் பேத்தி கிழிச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கா. ஆனா சாப்பாடு இல்லாமத்தான் சென்னைல கிளிங்க தவிக்குதுங்கற மாதிரி எழுதிட்டீங்களே, அதுதான் எனக்கு ஒப்பல. வேப்பம்பழம், கொய்யா, பாதாம் காய்னு எப்பப் பாத்தாலும் எதையாவது கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு, கடிக்கறதுல பாதிய கீழ போடுது, எங்க மாடியப் பெருக்கறவ நான், எனக்குத் தெரியாதா. அதுக்கு இல்லாதது வீடு சார்.

கிளி கூடு கட்டாது. ஒரு குச்சிகூட எடுத்துட்டுப் போய் வைக்காது. மரங்கொத்தியோ குக்குறுவானோ கொத்தி விட்டுட்டுப் போன பொந்து, இல்ல கிளை முறிஞ்ச எடத்துல உளுத்துப்போன ஓட்டை, அதைத் தேடிப் பிடிச்சு அலகால கொஞ்சம் பெருசாக்கிக் குடி போகும். அதுக்கும் மைனாவோட சண்டை. வயசான மரம், பட்டுப்போன மரத்துலதான் பொந்து விழும், நமக்கோ பட்ட மரத்தப் பாத்தாலே ஆகாது. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப ஊர் முழுக்க ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சுது, அதுக்கப்புறம் நட்ட கன்னுல பொந்து விழ இன்னும் எத்தன வருஷம் ஆகுமோ.

எங்க அபார்ட்மென்ட் பின்னாடி வண்டு விழுந்து கொண்டை போன மொட்டைத் தென்னை ஒண்ணு நின்னுச்சு. போன ஜனவரில ஒரு ஜோடி வந்துச்சு. பொட்டை உள்ள தலைய விட்டுப் பாக்கும், வால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். ஆண் (கழுத்துல கறுப்பும் ரோஸுமா வளையம் இருக்குமே அது, மூணு வயசு கிட்ட ஆனாத்தான் வளையம் முழுசா வரும், அதுவரைக்கும் எல்லாத்தையும் பொட்டைன்னுதான் நினைப்போம்) அலக இன்னொரு கால் மாதிரி ஊனி ஊனி மேல ஏறி, தலைய ஆட்டி ஆட்டி, தின்னத கக்கி அதுக்கு ஊட்டும். அடை காக்கறது பொட்டைதான், மூணு வாரத்துக்கு மேல உக்காரும், அப்புறம் குஞ்சு பறக்க ஏழு வாரம் கிட்ட ஆகும்.

மார்ச் மாசம் மரம் வெட்ட ஆள் வந்துட்டாங்க. உள்ள குஞ்சு இருக்கு, ஒரு ரெண்டு மாசம் பொறுங்கன்னு கெஞ்சினேன். "கிளிதானே மாமி, வேற மரத்துக்குப் போயிடும்"னாங்க. தாய் போகும், குஞ்சு எப்படிப் போகும்? மரம் விழுந்ததுல ஒண்ணு அங்கேயே போச்சு, ரெண்டு பொழச்சுது, கண்ணு தொறந்திருந்துச்சு, உடம்பெல்லாம் முள்ளு முள்ளா பச்சைக் குருத்து, இறகு இன்னும் விரியல. வெட்டினவர் நான் வளத்துக்கறேன்னு கேட்டார், அவரச் சொல்லி என்ன, நம்ம ஊர்ல கிளின்னா கூண்டுதானே, ஜோசியக்காரர் பெட்டில பாத்தே வளந்தோம். நாட்டுக் கிளிய வளக்கறதே 1972 வனவிலங்குச் சட்டப்படி தப்புன்னு சொல்லி வனத்துறைக்கு ஃபோன் போட்டுக் குடுத்தோம். அந்த ஜோடி மூணு சாயங்காலம் கேபிள் ஒயர்ல வந்து உக்காந்து கத்துச்சு, நாலாவது நாள் காணோம்.

அதனால கேக்கறேன், அடுத்த தடவ பொந்தப் பத்தி ஒரு பக்கம் போடுங்க. பட்ட மரம் யார் தலைலயும் விழாத எடத்துல இருந்தா விட்டுடலாம், வெட்டியே ஆகணும்னா ஜனவரிலேர்ந்து மே வரைக்கும் கை வைக்காதீங்கன்னு அசோசியேஷன்காரங்களுக்கு ஒறைக்கற மாதிரி எழுதுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, பேப்பர்ல வந்தா கேப்பாங்க. இப்ப எங்க தெருவுல மிச்சம் இருக்கறது தூங்குமூஞ்சி மரத்துல ஒரே ஒரு பொந்து, கரெக்டா கரண்ட் ஒயருக்கு ரெண்டு அடி கீழ. கிளை கழிக்க வண்டி எப்ப வருமோன்னு தினமும் பால்கனிலயே நிக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
நங்கநல்லூர், சென்னை