கிணற்றையும் ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க. இந்த வருட முகாம்கள் நல்லபடியாக முடிந்தன, ஒரு முழங்கால் சிராய்ப்போடு சரி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கைமடிக்கிற, நூல் பிசிறு வெட்டுகிற பிள்ளைகளையும் அரசு விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளையும் பாறை ஏறவும் நீந்தவும் மலை நடக்கவும் கூட்டிப் போவதுதான் என் வேலை. வேலை என்று சொன்னாலும் பாதி நாள் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று உதவி கேட்பதுதான். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள், அதனால் யார் பெயரும் இதில் இல்லை.

முதலில் ஊத்துக்குளிப் பக்கத் தோட்டத்து அப்பாருக்கு. நம் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். கிணறு உள்ள வீட்டுப் பிள்ளை சின்ன வயதிலேயே முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையை, கட்டிக்கொண்டு குதித்துவிடும், காடுகரை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் எட்டாது. கிணற்றில் யாரை இறங்க விடுவது என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வேறு சில தோட்டங்களிலும் கேட்டுப் பார்த்தேன். "பசங்க யாரு எவருங்க?" என்று ஆரம்பிப்பார்கள், என்ன பதில் சொன்னாலும் கடைசியில் மோட்டார் ரிப்பேர் என்று முடியும். அப்பாரு கேட்டது ஒன்றே ஒன்று: "கயிறு கெட்டியா இருக்குதா கண்ணு?" அப்புறம் படியில் பாசி வழுக்கும் என்று தானே இறங்கித் தேய்த்துவிட்டார். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டும், மேலே கயிற்றோடு ஆள் நின்றும், முதல் நாள் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தள்ளிவிடப் பார்த்தார்கள். கடைசி வாரம் அவர்களைக் கரையேற்றுவதுதான் பெரும்பாடு.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர் அக்காவுக்கு. ஆர்டர் அவசரம் என்றால் ஞாயிறும் ஷிஃப்ட் ஓடுகிற ஊர் இது. தன் லைன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர்கள் வேலையை இவர் இழுத்துப் போட்டுச் செய்தாராம், பிள்ளைகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். பணம் கொடுக்கிறவர்கள் எப்படியும் கிடைத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிறவர்கள் கிடைப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும் அக்கா, பாறை ஏறும்போது மாட்டுகிற நாடா வளையம், அந்த ஸ்லிங் ஒன்றில் நூல் விட்டிருந்ததை முதலில் பார்த்தது உங்கள் லைனில் பிசிறு வெட்டுகிற பெண்தான். அதை அப்போதே ஓரம் கட்டிவிட்டோம்.

கோவையிலிருந்து பழைய ஏறுகயிறு அனுப்பிய நண்பரே, கோபிக்காதீர்கள், அதில் யாரையும் ஏற்றவில்லை. ஆள் விழும்போது கயிறு கொஞ்சம் நீண்டு அந்த இழுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும், பழைய கயிற்றை அதற்கு நம்ப முடியாது. பையிலேயே கிடந்த கயிறானாலும் 10 வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று தயாரிக்கிறவர்களே சொல்கிறார்கள், உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. துண்டு துண்டாக வெட்டி, 8 வடிவில் போடுகிற எட்டு முடிச்சைப் பழகக் கொடுத்தேன். இப்போது விடுதியில் கட்டில் கால், ஜன்னல் கம்பி, வாளிப் பிடி எல்லாவற்றிலும் எட்டு முடிச்சுதான், வார்டன் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

மார்ச்சில் காட்டுக்குள் விட முடியாது என்று மறுத்த வனத்துறை அலுவலருக்கும் நன்றி. அன்றைக்கு எனக்கு முகம் சுண்டித்தான் போனது. ஆனால் 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டதை நினைத்தால், காய்ந்த புல்லுக்குள் இத்தனை பிள்ளைகளை விடாததுதான் சரி. பதிலுக்குச் சென்னிமலையின் 1,320 படிகளை விடியும் முன்பே ஏறினோம். வெயில் ஏறினால் பாறை சுடும், அதனால் பாறை ஏறுவதையும் காலையிலேயே முடித்துக்கொண்டோம். தோட்டத்துப் பாறையின் மேற்கு முகத்தில் மலைத்தேனீக் கூடு இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஓடி வந்து சொன்ன ஆடு மேய்க்கிற அண்ணாவுக்கும் இங்கேயே நன்றி. அது என் கண்ணில் பட்டிருக்காது.

ஷூ கொடுத்தவர்களுக்கும் வேன் வாடகையைக் குறைத்த டிரைவர் அண்ணாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

கடைசியாக, ஒவ்வொரு முறையும் அரிசிம்பருப்புச் சாப்பாடு ஆக்கிப்போட்ட ஆத்தாவுக்கு. யாருக்கு நெய் ஊற்றும்போதும் கை சுருங்கவில்லை உங்களுக்கு. உங்கள் பெரிய அண்டாவும் ரெண்டு கரண்டியும் எங்களிடம்தான் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம். பசங்களும் கூட வருவார்களாம், அதனால் காலி அண்டாவாகத் திரும்ப விடமாட்டீர்கள் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள்.