பத்து கெல்வினில் என்னடா வேதியியல்?

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது, பதில் போடாததற்குத் திட்டாதே. அம்மா ஆபரேஷன் முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார், தெரியும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ராத்திரியெல்லாம் விண்மீனிடை மேகத்துக்கு, அதாவது நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு-தூசி மேகத்துக்கு, கணினியில் மாதிரி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றதற்கு, "பத்து கெல்வினில் என்னடா வேதியியல்?" என்று சிரித்திருந்தாய். வருஷா வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, குளிரக் குளிர வினை மந்தமாகும் என்கிற அர்ஹீனியஸ் சமன்பாடு நடத்துகிறவன் வேறு எப்படிக் கேட்பாய்? கிளர்வு ஆற்றல், அதாவது தொடங்கவே ஒரு தள்ளு, தேவைப்படும் எந்த வினையும் அந்த மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் குளிரில் செத்தது மாதிரிதான். ஆனால் அயனியும் மூலக்கூறும் சந்திக்கும் வினைகள் பலவற்றுக்குக் கிளர்வு ஆற்றலே கிடையாது, அயனியின் மின்னூட்டமே மற்றதை இழுத்துக்கொள்கிறது. ஹெர்ப்ஸ்ட், கிளெம்பரர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1973-இல் இதை வைத்துத்தான் முதல் பெரிய கணக்கைப் போட்டார்கள்.

அந்த அயனி எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். மேகத்துக்குள் நட்சத்திர ஒளி நுழையாது, விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர் மட்டும் நுழையும். அது ஒரு குறிப்பிட்ட ஹைட்ரஜன் மூலக்கூறை அயனியாக்க, சராசரியாகச் சுமார் 300 கோடி ஆண்டு ஆகும்! மேகத்தின் வயதோ சில லட்சம், மிஞ்சினால் சில பத்து லட்சம் ஆண்டு. அதாவது பெரும்பாலான மூலக்கூறுகள் அடிபடாமலே போய்விடும், அடிபட்ட அந்தச் சொற்பத்தை வைத்துத்தான் மொத்தச் சமையலும். அடிபட்ட மூலக்கூறு இன்னொன்றுடன் சேர்ந்து மூன்று ஹைட்ரஜன் கொண்ட அயனியாகி, கிடைத்தவற்றுக்கெல்லாம் புரோட்டானைக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த அயனியை விண்மீனிடை வெளியில் கெபாலேயும் ஓகாவும் 1996-இல்தான் நேரடியாகப் பார்த்தார்கள்.

நான் எடுத்துக்கொண்டது ரிஷப ராசிப் பக்கம் இருக்கும் டிஎம்சி-1 என்ற மேகம். சுமார் 450 ஒளியாண்டு தூரம், கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறு. நம் ஊர்க் காற்றோடு ஒப்பிட்டால் அது வெற்றிடம்தான். வினைகளுக்கு, விண்வெளி வினைகளைத் தொகுத்து வைத்திருக்கும் யூமிஸ்ட் தரவுத்தளத்தின் 2012 பதிப்பு: 467 சேர்மங்கள், 6,173 வினைகள். ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. சில வினைகள் கண நேரத்தில் முடியும், சிலவற்றுக்கு லட்சம் ஆண்டு, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் தீர்க்கவேண்டும் என்பதால் சாதாரண முறைகள் படுத்துவிடும்.

அதைவிட என் புத்தி படுத்தது தனிக்கதை. வினைவேக மாறிலிகள் எல்லாம் கன சென்டிமீட்டரில், அடர்த்தியை மட்டும் கன மீட்டரில் கொடுத்துவிட்டேன். லட்சம் ஆண்டில் தூசியில் உறையவேண்டிய கார்பன் மோனாக்சைடு ஒரு மாதத்தில் உறைந்துபோனது. மூன்று நாள் தூசியைக் குறை சொன்னேன். பிள்ளைகளுக்கு அலகு போடவில்லை என்று மார்க்கைக் குறைக்கிறாயே, நியாயம்தான்.

அப்புறம் ஒரு உறுத்தல். தூசிமேல் உறைந்த கார்பன் மோனாக்சைடில் ஹைட்ரஜன் அணுக்கள் குவாண்டம் முறையில் தடையை ஊடுருவி ஒவ்வொன்றாக ஏறி மெத்தனால் ஆகிறது. ஆனால் பத்து கெல்வினில் அது பனியை விட்டு ஆவியாக வழியே இல்லை, இருந்தும் வாயுவில் இருக்கிறது. அதற்காக, வினை விடும் வெப்பத்திலேயே நூற்றில் ஒரு மூலக்கூறு பனியைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும் என்று ஒரு எண்ணைப் போடுவது வழக்கம். நானும் போட்டேன், பொருந்திவிட்டது. இயற்பியல் காரணம் உண்டுதான், ஆனாலும் உப்பு குறைந்தால் அள்ளிப் போடுவது மாதிரி எனக்கு மனசு ஒப்பவில்லை.

வளைய மூலக்கூறுகளில் அந்தத் தந்திரமும் பலிக்கவில்லை. அதே மேகத்தில் 2018-இல் ஒரு பென்சீன் வளையம் கொண்ட பென்சோநைட்ரைல், 2024-இல் நான்கு வளையப் பைரீனின் சயனோ வடிவம் (கார்பன்-நைட்ரஜன் ஜோடி ஒட்டியது) என்று கிரீன் பேங்க் தொலைநோக்கி காட்டிக்கொண்டே போகிறது. என் வினைகளின் வலையமைப்பில் பைரீனுக்கு வழியே இல்லை. மேகத்துக்குள்ளேயே உருவாகிறதா, பழைய நட்சத்திரங்கள் கக்கியது தப்பிப் பிழைத்து வந்ததா என்பதில் நான் முதல் கட்சி, ஆதாரம் கேட்காதே.

மே லீவில் வா, ஓட்டிக் காட்டுகிறேன். ஒரு ஓட்டத்துக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான். வரும்போது உன் பழைய கரிம வேதியியல் நோட்டு கிடைத்தால் எடுத்து வா, பென்சீன் வளையம் மூடும் வினைகளை நான் மறந்துவிட்டேன்.

அன்புடன்,
முரளி