விண்ணப்பத்தில் யாருடைய கைபேசி எண்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு அருகில் பதினான்கு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இணையவழி விண்ணப்பங்களும் போட்டுக் கொடுக்கிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த பிறகு என் கடைக்கு வருகிறவர்களில் பலர் புதிதாக விண்ணப்பிக்க வருவதில்லை. முன்பே போட்ட விண்ணப்பத்தைத் திறக்க முடியாமல் வருகிறார்கள். இந்தத் தொல்லை எங்கே தொடங்குகிறது என்பதைத் தொழிலின் உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஜூன் மாதம் மாரண்டஅள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் சான்றிதழ்களைப் பதிவேற்ற இரண்டு நாள்தான் மீதி இருந்தது. விண்ணப்பத்தின் கடவுச்சொல் மறந்துவிட்டது. அதை மாற்றுவதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்குப் போகிறது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைக்காக வேறு ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்து கொடுத்த மின்னஞ்சல் அது. மீட்பதற்கு ஓடிபி கேட்டால், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் திரையில் தெரியும் ஓர் எண்ணுக்கு அனுப்புவதாகச் சொல்கிறது. அவர்கள் வீட்டில் யாருடைய எண்ணும் அப்படி முடிவதில்லை. அந்தக் கடையில் வேலை பார்த்த பையனின் எண்ணாக இருக்கும் என்று அம்மா யோசித்துச் சொன்னார். கடையை மூடி இரண்டு வருடம் ஆகிறது, பையன் ஓசூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. மகள் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. உள்ளே நுழைய வழிதான் இல்லை.

இது எப்படி நேர்கிறது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கடையில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். விண்ணப்பிக்க வந்தவரின் செல்போன் வீட்டில் இருக்கும், அல்லது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன கணவரின் கையில் இருக்கும், அல்லது ரீசார்ஜ் தீர்ந்து கிடக்கும். ஓடிபி வந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்பதால் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார்; பெயரோடு ஒன்று இரண்டு மூன்று என்று சேர்த்து ஒரு கடவுச்சொல்லும் வைத்துவிடுவார். 2018 வரை நானும் அப்படித்தான் செய்தேன். என் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருந்தது. இருநூறு பேருக்கு மேல் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் எழுதி வைத்திருந்தேன், அவர்கள் மறந்தாலும் நான் எடுத்துத் தரலாம் என்ற நல்லெண்ணத்தில். ஒரு மழை நாளில் கடைக்குள் தண்ணீர் புகுந்து அந்த நோட்டு நனைந்து மை கரைந்தபோதுதான், இத்தனை குடும்பங்களின் கணக்குகளும் பூட்டில்லாத ஓர் இழுப்பறையை நம்பி இருந்திருக்கின்றன என்பது எனக்கு உறைத்தது. நனைந்ததற்குப் பதில் அது திருடு போயிருந்தால் யாருக்கும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது.

கடைக்காரரின் எண் மட்டுமன்று, சொந்த எண்ணே பழையதாகிவிட்டாலும் இதே கதைதான். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பிரச்சினை வந்தபோது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இந்தக் கால அளவைத் தெரிவித்தது. அப்படியானால் நம் ஆதாருக்கும் வங்கிக் கணக்குக்கும் வரவேண்டிய ஓடிபி, நமக்கு முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் போய் ஒலிக்கும். ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் விவசாயிகள் நிதித் திட்டத்துக்குக் கேஒய்சி முடிக்க வரும் பெரியவர்களில் பலருக்கு, ஆதாரில் இருப்பது மகன் எப்போதோ பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட்ட எண்ணாக இருக்கிறது. அவர்களுக்குக் கைரேகை வைத்து முடிக்கும் வழி இருப்பதால் தவணை தப்பிக்கிறது. மின்னஞ்சலுக்கு அந்த வழியும் கிடையாது. அதோடு, இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. விண்ணப்பத்துக்காக ஒருமுறை திறந்து அப்படியே விட்ட மின்னஞ்சல்களுக்கு இந்த ஆபத்தும் உண்டு.

கணக்கு திறக்காதபோது மனிதருக்கு வரும் பதற்றத்தைத்தான் மோசடிக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் கணக்கெழுதும் ஒருவர், வங்கிச் செயலி திறக்கவில்லை என்று வங்கியின் பெயரோடு கஸ்டமர் கேர் என்று சேர்த்து இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் பேசியவர் அழகான தமிழில், அவசரப்படாமல், அண்ணா என்று அழைத்துப் பேசியிருக்கிறார். எனிடெஸ்க் என்ற செயலியை இறக்கி, அதில் வரும் எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்ததும் இவருடைய திரை அவருக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. 42,000 ரூபாய் போயிற்று. இந்தச் செயலியைக் கொண்டு இப்படி மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை மண்டி வரை வந்து சேரவில்லை. ஏடிஎம் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அவர் பார்த்திருந்தாலே போதும். பணம் போனால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரத்தைப் பகிர்ந்துவிட்டிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது, தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு இரவு அவருக்கு எவ்வளவு பாதகமானது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அந்த மாணவியின் மின்னஞ்சல் மீண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். என் கடைக் கணினியில் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்; முன்பு பயன்படுத்திய கருவியிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் முயல்வதைத்தான் கூகுள் எளிதில் நம்பும் என்பதால், அந்த மின்னஞ்சலை எந்தச் செல்போனிலாவது பதிந்திருந்தீர்களா என்று கேட்டேன். அப்பாவின் பழைய போன் ஒன்று கண்ணாடி உடைந்து அலமாரியில் கிடக்கிறது என்றாள் மகள். மறுநாள் காலை முதல் பேருந்தில் அதை எடுத்து வந்தார்கள். ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு, என் போனிலிருந்து இணையம் கொடுத்து, மீட்புப் பக்கத்தில் மறுபடி முயன்றபோது, முயல்வது நீங்கள்தானா என்ற கேள்வி அந்த விரிசல் விழுந்த திரையில் வந்தது. அவளே ஆம் என்று தொட்டாள். புதிய கடவுச்சொல்லை அவளே அமைத்தாள், நான் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு மீட்பு எண்ணாக அம்மாவின் எண்ணைப் போட்டு, கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு உறுதிப்பாட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். செல்போன் தொலைந்தாலும் அந்தத் தாள் இருந்தால் உள்ளே போகலாம் என்பதால், அதைக் குடும்ப அட்டை இருக்கும் இடத்தில் வைக்கச் சொன்னேன்.

எங்களைப் போன்ற கடைகளில் கணக்கைத் திறக்கிறவர்கள், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும், வெளியேறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருக்கவும் வேண்டும். இணைய முகவரியைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அரசுத் தளம் என்றால் ஜிஓவி.இன் என்றுதான் முடியும் என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள்; பொறியியல் கலந்தாய்வின் உண்மையான தளமோ ஓஆர்ஜி என்று முடிகிறது. எனவே முடிவை மட்டும் பார்க்காமல், அறிவிப்பிலோ தகவல் கையேட்டிலோ அச்சிட்டிருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்வதே சரி. ஆதாரில் கைபேசி எண்ணை வாட்ஸ்அப் மூலம் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஆதார் பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் 1947 என்ற எண்ணில் கேட்கலாம்.

மாவட்ட நிர்வாகத்திடமும் பள்ளிகளிடமும் தங்கள் நாளிதழ் வழியாக ஒன்று கேட்க விரும்புகிறேன். பிளஸ் ஒன் சேரும்போதே ஒவ்வொரு மாணவரும் தன் மின்னஞ்சலைத் தானே திறந்து, குடும்பத்தில் நிலையாக இருக்கும் ஓர் எண்ணை அதில் பதிவதை வகுப்பாசிரியர் உறுதி செய்ய வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில், கணக்குத் திறக்காதவர்களுக்கென்று ஒரு மேசை போட வேண்டும். கடைக்காரர்கள் தங்கள் எண்ணை இன்னொருவர் விண்ணப்பத்தில் போடுவது தவறு என்று எங்களுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்பவர்கள்தான் எங்களில் அதிகம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலில் தொடங்கியது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். வங்கிப் பாஸ்புத்தகத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளப் பெண்களைப் பழக்கியவை அந்தக் குழுக்கள். இந்தப் பழக்கத்தையும் அவற்றால் ஏற்படுத்த முடியும் என்று நம்பி, எங்கள் குழுவின் சென்ற மாதக் கூட்டத்தில் ஆதார் தளத்தில் ஒவ்வொருவருடைய எண்ணையும் அவரவர் முன்னிலையில் சரிபார்த்தோம். பதினான்கு பேரில் ஐந்து பேருக்கு இருந்தது கைவிட்ட எண். மூன்று பேர் ஆதார் மையத்துக்குப் போய்ப் புதிய எண்ணைச் சேர்த்துவிட்டார்கள்; மற்ற இருவரும் வரும் வியாழக்கிழமை போகிறார்கள்.

இப்படிக்கு,
இணையச் சேவைக் கடை நடத்தும் ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.