ஒரு மணி நேரத்துக்குள் அடங்காத கர்ணன்

சென்னையில் அண்மையில் நடந்த விளிம்பு (ஃபிரிஞ்ச்) நாடக விழாவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளும் வந்து, சீட்டு வாங்கி, 11 நாடகங்களைப் பார்த்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். நான் நடிகன் அல்லன், விமர்சகனும் அல்லன்.

முதலில் நிறைவைச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அட்டையில் தன் பெயரைச் சேர்க்க அலையும் பெண்ணைப் பற்றிய தனிநபர் நாடகம், இவ்விழாவை நீங்கள் நடத்துவதற்கே நியாயம் சேர்த்தது. 60 பேர் அமரும் அறை, ஒரு நாற்காலி, ஒரு துணிப்பை. எழுத்தர், மாமியார், வரிசையில் முன்னால் நிற்கும் பெரியவர் ஆகிய எல்லாரையும் அந்த நடிகை குரலை மாற்றாமல், தோளைச் சாய்த்தும் பையைக் கைமாற்றியும் எங்கள் முன் நிறுத்தினார். 45 நிமிடத்தில் முடிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் நீண்டிருந்தால் தளர்ந்திருக்கும். இரண்டாம் நாள் பார்த்த, திரையில் ஓடிய காணொளியே பெரும்பகுதி நடித்துவிட்ட நாடகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நடிகர்கள் அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்றார்கள்.

என் மனத்தாங்கல் கர்ண மோட்சம் என்ற தெருக்கூத்தைப் பற்றியது. 17ஆம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான்; அவனுடைய பிறப்பைச் சொல்லி இகழ்ந்தே பழகிய அவளிடம், தான் யார் மகன் என்பதைக் கடைசியில் சொல்கிறான். அந்த வாக்குவாதம்தான் இக்கூத்தின் உயிர். வடதமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்காகவே கண்விழித்துக் காத்திருப்பார்கள். உங்கள் மேடையிலோ பொன்னுருவி வந்தாள், இரண்டு பாட்டுப் பாடினாள், போய்விட்டாள். எஞ்சியது போர் மட்டுமே. கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளனுமான கட்டியக்காரன் “நேரமாச்சு மகாராஜா” என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தோம்; அது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல என்பது, பக்கவாட்டில் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகே புரிந்தது.

எல்லா நாடகங்களுக்கும் 60 நிமிடம் என்ற விதி உங்களுக்கு நேர்மையாகத் தோன்றலாம். ஒரே அரங்கைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும்போது அப்படியொரு கணக்குத் தேவை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அழைப்பே இல்லாமல் எட்டுக் குழுக்கள் வந்து, பெருவிழாவின் ஓரத்தில் ஆடியதிலிருந்து தொடங்கிய மரபு இது. அதன் பெயரைச் சூடிக்கொண்ட விழா, இரவு முழுவதும் ஆடும் கலையைத் தன் அளவுக்கு வெட்டிக்கொண்டு வரச் சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. இத்தனைக்கும், நாடகத்துக்குப் பிந்தைய கலந்துரையாடலுக்கு அந்த விதி கிடையாது. கேள்வி கேட்க எழுந்த ஒருவர் தம் கல்லூரி நாடக அனுபவங்களை 12 நிமிடம் விவரித்தார். அப்போது யாரும் கடிகாரத்தைத் தட்டவில்லை.

இன்னொன்று. அந்தச் சிறிய அறையில் கூத்துக் கலைஞர்களுக்கும் சட்டையில் மாட்டும் மைக்கைக் கொடுத்திருந்தீர்கள். திறந்தவெளியில் கடைசி வரிசைவரை எட்டப் பழகிய குரல் அது. கர்ணன் சுழன்று ஆடிய ஒவ்வொரு முறையும் மார்புப் பதக்கம் மைக்கில் உரசி, முகவீணை என்ற ஊதுகருவியின் ஓசையையும் விழுங்கியது. நாங்கள் விளிம்பு நாடகம் தேடி வருவதே நடிகரின் மூச்சு காதில் விழும் நெருக்கத்துக்காகத்தான். ஒலிபெருக்கி வழியாக வரும் குரலைக் கேட்க, நகரில் பெரிய அரங்குகள் பல இருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள் இது: அடுத்த ஆண்டு கடைசி நாளின் இரவைக் கூத்துக்கே கொடுங்கள். மேடை வேண்டாம், மண்தரை போதும். இரவு 10 மணிக்குத் தொடங்கி, பொன்னுருவி பேச வேண்டியதையெல்லாம் பேசி முடிக்கட்டும். ஊர் திரும்புவதைப் பற்றிய கவலையும் தேவையில்லை. விடியற்காலை 5 மணிக்கு மெட்ரோ ஓடத் தொடங்கிவிடும். பாய் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பார்வையாளன்